மாப்பிள்ளை ஊதிய விசில்

எங்கள் ஊரில் மாப்பிள்ளையை யாரும் திட்ட மாட்டார்கள். கட்டுமாவடியில் பெண் எடுத்தவன் குடித்துவிட்டு நடுரோட்டில் கிடந்தாலும், "மாப்பிள்ளைக்கு மேலுக்குச் சொகமில்ல போல" என்று சொல்லித் தூக்கி வந்து வீட்டில் படுக்க வைப்பார்கள். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை என் தங்கை புருஷன் வாங்க வேண்டிய திட்டையெல்லாம் நான் வாங்கினேன்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, தங்கை சுடர்விழியையும் தம்பி எழிலரசனையும் நான்தான் ஆளாக்கினேன். சத்துணவு அமைப்பாளர் வேலையில் வந்ததைக் கொண்டு தங்கையை அன்னவாசல் பக்கம் கட்டிக் கொடுத்தேன். மாப்பிள்ளை வசந்தகுமார் அங்கே ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். முறைப்படி பரீட்சை எழுதித் தேறிய கால்பந்து நடுவர். தம்பி கடலுக்குப் போகிறவன். கரைக்கு வந்தால் மைதானம்தான் அவனுக்கு வீடு.

நானும் பந்துப் பைத்தியம்தான். பொம்பளை கோட்டோரம் நின்று கத்துவதா என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்கள் எல்லாம் இப்போது எனக்கு இடம் பிடித்து வைக்கிறார்கள். எங்கள் ஊர் நடத்தும் பொங்கல் கோப்பையை எங்கள் ஊர் இதுவரை ஒரு தடவைகூட வாங்கியதில்லை. பந்தல் போடுவது நாங்கள், வருகிறவர்களுக்குச் சோறு போடுவது நாங்கள், கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவது எவனோ.

போன வருஷம் இறுதி ஆட்டத்தில் கடைசி பெனால்டியை எழிலரசன் வானத்துக்கு அடித்தான். அன்றிலிருந்து அவன் பெயரே பெனால்டி ஆகிவிட்டது. மீன் ஏலத்தில் பெனால்டி, டீக்கடையில் பெனால்டி, கோயில் வரிசையில் பெனால்டி. அவன் சிரித்துக்கொண்டே போவான். வீட்டுக்கு வந்ததும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். வருஷம் முழுக்க அப்படித்தான் கிடந்தான்.

இந்த வருஷமும் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். விசில் ஊத வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டதாக மதியம் போன் வந்தது. பொங்கலுக்கு வந்திருந்த வசந்தகுமார் என் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கமிட்டித் தலைவர் நாகராசு அண்ணன் வாசலில் வந்து நின்று இளித்தார்.

"மாப்ளே, நீங்கதான் ஊதணும். ஊரு மானத்த காப்பாத்துங்க."

"மாமா, இது எங்க மாமனார் ஊரு. நான் ஊதுனா சரியா வராது. வேற ஆளப் பாருங்க."

"சரியா வராம என்ன? நீங்க சட்டப்படி ஊதுங்க. யாரு கேக்கப் போறா?"

சட்டப்படி என்று வாயால் சொன்னாரே தவிர, தெருவுக்குப் போனதும் அண்ணன் கண்ணடித்ததை நான் பார்த்தேன். ஊரே குஷியாகிவிட்டது. நம்ம மாப்பிள்ளை நமக்கு எதிராக ஊதுவாரா என்று கிழவன் முதல் குஞ்சு குளுவான் வரை ஒரே பேச்சு. மணமேல்குடி பக்கமிருந்து வந்த எதிரணிக் காப்டனுக்கும் அது காதில் விழுந்துவிட்டது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் எல்லார் எதிரிலும் வசந்தகுமாரிடம் கேட்டான்:

"சார், நீங்க இந்த ஊரு மாப்பிள்ளையாமே. நாங்க வெளையாடவா, இப்பவே பஸ் ஏறவா?"

வசந்தகுமாரின் முகம் செத்துப் போனது. "வெளையாடுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார்.

கோல் வலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேடைக்குச் சீரியல் லைட்டும் ஆளுயர ஃபிளெக்ஸும் வைத்த கமிட்டிக்குப் புது வலை வாங்கத் தோன்றவில்லை. கழித்துப் போட்ட மீன் வலையை எடுத்துக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். பேத்தை மீன் கடித்துக் குதறிய வலை. மூலையில் ஒரு பந்து தாராளமாக நுழைகிற ஓட்டை. வலை பின்னத் தெரிந்த கை ஊரில் நூறு இருந்தும் ஒரு கைகூட அந்த ஓட்டையைப் பின்னி அடைக்கவில்லை.

ஆட்டம் முடியப் போகிற நேரம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. எழிலரசன் இடப்பக்கமிருந்து இரண்டு பேரை ஏமாற்றிக்கொண்டு வந்து அடித்தான். நான் கோலுக்கு நேர் பின்னால் நின்றிருந்தேன். பந்து கம்பத்துக்கு உள்ளே வந்ததையும், வலையை அசைத்துவிட்டு அந்த ஓட்டை வழியாக வெளியேறி என் காலடிக்கு உருண்டு வந்ததையும் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். எழிலரசன் சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். பையன்கள் அவன்மேல் குவிந்துவிட்டார்கள். பெனால்டி பெனால்டி என்று வருஷம் முழுக்கக் கத்திய வாயெல்லாம் எழிலு, எழிலு என்று கத்தியது. நான் அழுதுவிட்டேன்.

பந்து வெளியே போயிற்று என்று வசந்தகுமாரின் கை கோல்கிக் பக்கம் நீண்டிருந்ததை முதலில் யாரும் கவனிக்கவில்லை. எதிரணிக் கோல்கீப்பர் கவனித்தான். பந்தை வாங்கி வைத்து ஓங்கி உதைத்தான். எங்கள் பையன்கள் எல்லாம் ஒரு மூலையில் கட்டிப்பிடித்துக் கிடக்க, காலியான மைதானத்தில் அவர்கள் நிதானமாக ஓடிப் போய்க் கோல் போட்டார்கள். அதற்கு விசில் ஊதினார் எங்கள் மாப்பிள்ளை. கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்ததற்கும் ஊதினார்.

எழிலரசன் அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஓட்டையைக் காட்டினான்.

"ஓட்ட இருக்கு எழிலு. பந்து அதுல போனத நான் பாக்கல" என்றார்.

வேறு நடுவராக இருந்திருந்தால் அன்று ஊர் எல்லையைத் தாண்டியிருக்க மாட்டார். இவர் மாப்பிள்ளை. ஒருவர்கூட அவரை மரியாதை குறைத்துப் பேசவில்லை. மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திய நாகராசு அண்ணன் கீழே இறங்கி என்னிடம் வந்தார். "நல்லா வளத்திருக்கடி குடும்பத்த" என்றார்.

அதற்குப் பிறகு டீக்கடையில் இதே பேச்சுதான். அய்யாக்கண்ணு செல்போனில் ஆட்டத்தைப் படம் பிடித்திருந்தான். எழிலரசன் பந்தை அடிக்கிற வரைக்கும் தெளிவாக இருக்கிறது. அடித்த நொடியில் அய்யாக்கண்ணு துள்ளிவிட்டான். அதற்குமேல் வானமும் ஒரு தென்னை மட்டையும்தான் தெரிகின்றன. இருந்தாலும் ஊர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. நிறுத்திப் பார்த்தது, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தது, பெரிதாக்கிப் பார்த்தது. பார்த்து முடித்ததும் எனக்குத் திட்டு. மீன் வாங்கப் போனால், "மாப்பிள்ள வீட்டுல போய் வாங்கிக்க" என்றார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள்கூட என்னைப் பார்த்துக் கோல்கிக்குக்குக் கை காட்டின.

எழிலரசன் கடலுக்குப் போகவில்லை. தட்டில் சோறு வைத்தால் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"கப்பு போனா போவுது பெரியக்கா. அது கோலுன்னு ஒரு வார்த்த அவரு வாயால சொன்னாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அடுத்த வெள்ளிக்கிழமை சுடர்விழியின் மகள் வைஷ்ணவிக்குக் காதுகுத்து. அன்னவாசல் பக்கம் அவர்களுடைய குலதெய்வக் கோயிலில் ஏற்பாடு. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். எங்களுக்கு ஒரே தம்பி, பிள்ளைக்கு ஒரே மாமன். அவன் போகாவிட்டால் பிறந்த வீடு அறுந்து போயிற்று என்றுதான் அங்கே அர்த்தம். சுடர்விழி தினமும் போனில் அழுதாள்.

"எக்கா, அவன் வருவானா மாட்டானா? எங்க மாமியார் இப்பவே ஒரு மாதிரி கேக்குறாங்க."

"வருவாண்டி. நான் கூட்டிக்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டேன். எந்த நம்பிக்கையில் சொன்னேனோ.

சீர்வரிசைக்கு ஊர் ஜனம் வரும் என்று வேன் பிடித்திருந்தேன். விடிந்ததும் வேன் வந்து வாசலில் நின்றது. ஒருத்தர் ஏறவில்லை. பக்கத்து வீட்டு மீனம்மாள் சித்தி கதவைச் சாத்திக்கொண்டாள். எழிலரசன் பாயை விட்டே எழுந்திருக்கவில்லை. அவன் காலைத் தொட்டுக் கெஞ்சினேன். "நீ போ பெரியக்கா" என்றான். பழத்தட்டும் பாவாடை சட்டையும் தோடும் காலி இருக்கைகளில் உட்கார்ந்து வர, நான் மட்டும் போனேன். புருஷன் சிங்கப்பூரில் இருக்கிறவளுக்குத் தட்டு இறக்கி வைக்கக்கூட டிரைவர்தான் துணை.

கோயிலில் நல்ல கூட்டம். வசந்தகுமாரின் அப்பா, பங்காளிகள், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், அவர் பந்து பழக்கும் பையன்கள். ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. தாய்மாமன் எங்கே, தாய்மாமன் எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சுடர்விழி என்னைப் பார்த்த பார்வையில் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போது பைக் சத்தம் கேட்டது. எழிலரசன்! வெள்ளை வேட்டி சட்டையில், கட்டுமாவடியிலிருந்து அவ்வளவு தூரம் வெயிலில் ஓட்டி வந்திருந்தான். சுடர்விழி ஓடிப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் போன உயிர் வந்தது. அவன் மனைப்பலகையில் உட்கார்ந்தான். வைஷ்ணவியை மடியில் வைத்தேன். அவள் அவன் மீசையைப் பிடித்து இழுத்தாள். அவனும் சிரித்தான். பந்து, கோப்பை, எல்லாம் ஒழிந்தது என்று நினைத்தேன்.

ஆசாரி ஊசியை எடுத்தார். எழிலரசன் பிள்ளையின் காதைக் கையால் பொத்திக்கொண்டான்.

"மச்சான்" என்று கூப்பிட்டான். குரல் கோபமாக இல்லை, கெஞ்சலாக இருந்தது. "நான் சண்ட போட வரல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அது கோலா, இல்லையா?"

வசந்தகுமார் பிள்ளையைப் பார்த்தார், தன் அப்பாவைப் பார்த்தார், சுற்றி நின்ற பையன்களைப் பார்த்தார்.

"எழிலு, இது அதுக்கு எடமில்ல."

"எனக்கு வேற எடமில்ல மச்சான்."

"சொல்லுங்களேன்" என்றாள் சுடர்விழி. "ஒரு வார்த்ததானே? உங்க புள்ளைக்காகச் சொல்லுங்களேன்."

"கிரவுண்டுல என்ன சொன்னேனோ அதான். ஊதுனது ஊதுனதுதான்" என்றார் வசந்தகுமார்.

எழிலரசன் பிள்ளையைத் தூக்கி உச்சியில் முத்தம் கொடுத்து என் கையில் தந்தான். எழுந்தான். சுடர்விழி அவன் வேட்டியைப் பிடித்தாள். அவன் மெதுவாக அவள் விரல்களைப் பிரித்துவிட்டுப் போனான். நல்ல நேரம் முடியப் போகிறது என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். பெரியம்மா மடியில் வைத்துக் காது குத்தியதை நான் கேள்விப்பட்டதே இல்லை. என் மடியில்தான் குத்தினார்கள். பைக் போன திசைக்குக் கையை நீட்டி நீட்டிப் பிள்ளை வீறிட்டது.

கிளம்பும்போது வேன் வரைக்கும் வசந்தகுமார் என் பின்னால் வந்தார். கூட்டம் பந்தியில் இருந்தது.

"கோல்தான் அண்ணி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"வலை அசைஞ்சத நான் பாத்தேன். எனக்குத் தெரியும். மாமனார் ஊருக்கு ஊதிட்டான்னு சொல்லிருவாங்களேன்னு ஒரே பயம். கை தானா அங்கிட்டு நீண்டுருச்சு. நீட்டுனப்புறம் எப்படி அண்ணி மடக்குறது?"

"இத எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அவங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, பாவி!"

மாப்பிள்ளையைத் திட்டிவிட்டேன். அவர் அழுதுகொண்டு நின்றார். அந்த அழுகையை வைத்து நான் என்ன செய்வது?

வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அவருக்குத் தெரியவில்லை என்றால் அது பிழை. பிழையை என்றைக்காவது பொறுத்துக்கொள்ளலாம். பார்த்துவிட்டு மறைத்தார் என்று தெரிந்தால் எழிலரசன் இந்த ஜென்மத்தில் அந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டான். ஊரும் சுடர்விழியை இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க விடாது. அவளுக்கு இருப்பது இந்த ஒரு பிறந்த வீடு.

டீக்கடை முன்னால் வேன் நின்றதும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். பிள்ளைக்குக் காது குத்தியாயிற்றா என்று ஒருவர் கேட்கவில்லை.

"என்னடி, மாப்பிள்ள ஒத்துக்கிட்டாரா?" என்றார் நாகராசு அண்ணன்.

ஊரே காத்திருந்த வார்த்தை என் வாய்க்குள் இருந்தது.

"இல்லண்ணே. பந்து வெளியதான் போச்சுன்னு சத்தியம் பண்றாரு. அவரு பொய் சொல்ற ஆளில்ல" என்றேன்.

பெஞ்சின் ஓரத்தில் எழிலரசன் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். வெள்ளை வேட்டியெல்லாம் புழுதி. எழுந்து என் பக்கத்தில் வந்தான். அவன் கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"அவரு சத்தியமே பண்றாருன்னா..." என்று இழுத்தான். "அப்ப நெசமாவே வெளியதான் போச்சோ பெரியக்கா? நான்தான் தப்பாப் பாத்துட்டனோ? நீ பின்னாலதானே நின்ன. நீ சொல்லு, நான் நம்புறேன்."

"கூட்டத்துல எனக்குச் சரியாத் தெரியலடா" என்றேன்.

அவன் தலையாட்டினான். பிறகு வீட்டுப் பக்கம் நடந்து போனான். பெஞ்சிலிருந்து யாரோ, "டேய் பெனால்டி, டீ குடிச்சுட்டுப் போடா" என்று கூப்பிட்டார்கள். அவன் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தான்.