ஸ்க்ரூ நான்கு, காலிப் பெட்டி ஒன்று

நாகம்மா பின் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பதினைந்து வருஷத்துக் காகிதங்களில் குத்திய பின்கள். பாதி துருப்பிடித்துத் தாளோடு ஒட்டிப்போயிருந்தன. மழுங்கின கத்தி ஒன்றால் நெம்பி எடுத்து ஊறுகாய் பாட்டிலில் போடுவாள். மூன்று வருஷத்தில் அது பதினோராவது பாட்டில். அவள் பிரித்துக் கொடுக்கும் தாள்களை பிளெசி ஸ்கேனரில் ஒவ்வொன்றாகச் சொருகுவாள். பிரசன்னா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பெயர் போட்டு அடுக்குவான். மின்விசிறி போட்டால் தாள் பறக்கும் என்பதால் மூன்று பேரும் வியர்த்து வழிந்தபடிதான் வேலை பார்த்தார்கள்.

ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில் அது ஒரு மருந்துக் கம்பெனியின் இரண்டாவது யூனிட், பழைய காகிதங்கள் கிடக்கும் கோடவுன். ஒவ்வொரு முறை மருந்து தயாரிக்கும்போதும் ஒரு ஃபைல் எழுத வேண்டுமாம். வெளிநாட்டுக்காரர்கள் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்து, எந்த வருஷத்து ஃபைலைக் கேட்டாலும் இரண்டு நிமிஷத்தில் காட்ட வேண்டுமாம். அதற்காகத்தான் இந்த ஸ்கேன் வேலையைக் காண்ட்ராக்டில் விட்டிருந்தார்கள். மூன்று பேரும் காண்ட்ராக்டரின் ஆட்கள். தினம் காலையில் கேட்டில் பெயர் எழுதி ஒரு நாள் சீட்டு வாங்கி உள்ளே வர வேண்டும், சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மூன்று வருஷமாகத் தினமும் அவர்கள் அந்தக் கம்பெனிக்குப் புது விருந்தாளிகள்.

ஸ்கேன் செய்ததைச் சரிபார்க்கும் மேடம் முதல் யூனிட்டில் இருந்தார். இரண்டுக்கும் நடுவில் இரண்டு கிலோமீட்டர். பெரிய சர்வர் ஒன்று வரப்போகிறது, வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், வந்தபாடில்லை. கோடவுன் கம்ப்யூட்டரோ வாரத்துக்கு ஒரு தடவை நிரம்பி வழியும். அதனால் பதினைந்து வருஷமும் ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏறி, தினமும் யூனிட்டுக்கு யூனிட் பயணம் போனது. நடுவில் கம்பெனி பஸ் ஓடியது; பாதி சீட் காலியாகத்தான் ஓடியது. சீட்டு ஆட்களை அதில் ஏற்ற மாட்டார்கள். ஆகவே ஹார்ட் டிஸ்க் ஷேர் ஆட்டோவில், பதினோரு பேருக்கு நடுவே, பிரசன்னாவின் மடியில் போய் வந்தது.

இரண்டாயிரத்து ஒன்பது ஜூலையில் ஒரு நாள், மழைக் குழியில் ஆட்டோ விழுந்து எழுந்தபோது அது மடியிலிருந்து துள்ளிக் குதித்தது. அத்தோடு சரி. கடையில் ரெடிமேடாக வாங்கின டிஸ்க், வாரண்டி இருந்தது. கீழே விழுந்ததா என்று கடைக்காரன் கேட்டதற்கு, பொய் சொல்ல வராத பிரசன்னா ஆமாம் என்று தலையாட்டிவிட்டான். வாரண்டி போயிற்று. ஏற்கனவே சிடியில் எடுத்து வைத்தது போக மிச்சமிருந்த ஒன்பது வாரத்து வேலையை மறுபடி முதலிலிருந்து ஸ்கேன் செய்து, அதையும் சிடியில் ஏற்றினார்கள். அந்த ஒன்பது வாரத்துக்குக் காண்ட்ராக்டர் ஒரு பைசா தரவில்லை. இன்னொரு டிஸ்க் வாங்க மட்டும் பணம் கொடுத்து, இதுவும் போனால் நீங்களும் போகலாம் என்று சொல்லி அனுப்பினார்.

டிஸ்கைக் காப்பாற்ற பிளெசிக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. முதல் யூனிட் மேடம் திரிபுரசுந்தரி, திருச்சிக்காரர், அதிகம் பேசாதவர், போன வாரம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்ஸ்பெக்ஷன் நல்லபடியா முடியட்டும் பிளெசி. ரெக்கார்ட் ரூமுக்கு ஒரு பெர்மனென்ட் போஸ்ட் கேட்டிருக்கேன். உன் பேரைத்தான் எழுதியிருக்கேன்."

அன்றிலிருந்து அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. மல்காஜ்கிரியிலிருந்து பஸ், ரயில், ஷேர் ஆட்டோ என்று மாறி மாறி வருகிறவள். போஸ்ட் கிடைத்தால் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரலாம். கழுத்தில் ஃபோட்டோ போட்ட கார்டு தொங்கும். மூச்சிரைப்போடு அல்லாடும் மகளைக் கம்பெனி ஆஸ்பத்திரியில் காட்டலாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தன் ஜெபத்தோடு இந்த டிஸ்க் ஜெபத்தையும் சேர்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மூன்று பேரும் செகந்திராபாத்தில் கம்ப்யூட்டர் கடைகள் நெருக்கியடித்துக் கிடக்கும் அந்தப் பெரிய கட்டிடத்துக்குப் போனார்கள். நாகம்மாவுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. தன் பின்களையெல்லாம் விழுங்கின சாமான் எங்கே விற்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு வந்தாள். மூன்றாவது மாடியில் நூர் முகமது கடை. தாத்தா காலத்தில் வாணியம்பாடியிலிருந்து வந்த குடும்பம். தமிழ் பேசினால் விலை குறைப்பார் என்று பிளெசிக்கு ஒரு நம்பிக்கை. அவரும் ஒவ்வொரு தடவையும் ஐம்பது ரூபாய் குறைத்து அதைக் காப்பாற்றி வந்தார்.

ரெடிமேட் டிஸ்க் கறுப்பாக, பளபளவென்று, நகைப்பெட்டி மாதிரி ஒரு அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. பிளெசி அதைப் பார்த்ததுமே மயங்கிவிட்டாள். பிரசன்னா அதைக் கையிலும் தொடவில்லை. திருநெல்வேலிப் பையன், இருபத்து நாலு வயசு, எதையும் கழற்றிப் பார்க்காமல் தூக்கம் வராது. டிஸ்கைத் தனியாக வாங்கி, பெட்டியைத் தனியாக வாங்கி, நாமே சேர்த்துக்கொள்வோம் என்றான்.

"யக்கா, அது மூடி ஒட்டுனது. உள்ள டிஸ்க் நல்லாத்தான் இருக்கும். வயர் மாட்டுத பலகை போயிட்டுன்னா தொறக்க முடியாது. நாம சேத்தா நாலு ஸ்க்ரூதான். பெட்டி போனா வேற பெட்டி."

"நக்கோ, வேண்டாம் பிரசன்னா. மேடம் டேபிள்ல போய் உக்கார்ற சாமான் அது. ஒட்டுப் போட்ட மாதிரி ஒண்ணக் கொண்டுபோய் வெச்சா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?"

ரெடிமேடுக்கு மூன்று வருஷ வாரண்டி என்றும், சேர்த்துக் கட்டினால் டிஸ்குக்குத்தான் வாரண்டி, பெட்டிக்குக் கிடையாது என்றும் நூர் முகமது எடுத்துச் சொன்னார். எந்தப் பக்கமும் சாயாமல் சொன்னார். அதைக் கேட்டு பிளெசி, பார்த்தாயா என்பதுபோல் பிரசன்னாவைப் பார்த்தாள். அதுவரை வாய் திறக்காத நாகம்மா, இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் ஒரு கேள்வி கேட்டாள். வாரண்டியில் டிஸ்கைத்தான் மாற்றித் தருவார்களா, இல்லை நான் பிடுங்கின பின்களையும் சேர்த்துத் தருவார்களா?

நூர் முகமது சிரித்துவிட்டார். டிஸ்க் மட்டும்தான் அம்மா, அதுவும் காலியாக, என்றார். பிளெசி கறுப்புப் பெட்டியை மெதுவாக மேஜையில் வைத்தாள். ஒன்பது வாரம் சும்மா ஸ்கேன் செய்ததை அவள் கை இன்னும் மறக்கவில்லை.

டிஸ்கைக் கீழ்மாடிக் கடையில் வாங்கினார்கள், பெட்டியை நூர் முகமதுவிடம். இரண்டு பில். கடை மேஜையிலேயே பிரசன்னா சேர்த்து மூடினான். அலுமினியப் பெட்டி, முன்னால் நீல விளக்கு, கூட ஒரு அடாப்டர். வீட்டில் நாகம்மா பழைய ரஜாய்ப் போர்வையைக் கத்தரித்து, பஞ்சோடு சேர்த்து அதற்கு ஒரு பை தைத்தாள். தன் பேரனுக்குக்கூட அவ்வளவு மெத்தென்று தைத்ததில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கேட்டில் மாட்டிக்கொண்டார்கள். செக்யூரிட்டிக்காரர் இரண்டு பில்லையும் படித்தார். ஒன்றில் ஹார்ட் டிஸ்க் ஒன்று என்றிருந்தது. இன்னொன்றில் காலிப் பெட்டி ஒன்று. கையில் இருப்பதோ டிஸ்க் உள்ளே இருக்கிற பெட்டி. அதற்கு பில் எங்கே என்றார். ரெடிமேட் வாங்கியிருந்தால் ஒரே பில்லோடு போயிருக்கும். பிளெசி பிரசன்னாவைப் பார்த்த பார்வையில் அவன் தரையைப் பார்த்தான். பத்து நிமிஷம் மன்றாடிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கேட்டிலேயே உட்கார்ந்து கழற்றினான். செக்யூரிட்டிக்காரருக்குத் திருப்தி. திருப்பி எடுத்துப்போகும் சாமான்களின் ரிஜிஸ்டரில் வரிசையாக எழுதினார்: டிஸ்க் ஒன்று, காலிப் பெட்டி ஒன்று, அடாப்டர் ஒன்று, ஸ்க்ரூ நான்கு.

அன்றிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. இரண்டாவது யூனிட்டில் நுழைய, வெளியே வர, முதல் யூனிட்டில் நுழைய, வெளியே வர என்று நாளைக்கு நாலு தடவை கழற்றல், நாலு தடவை மாட்டல். ஒரு மாதத்தில் பிரசன்னா முப்பத்தைந்து செகண்டில் கழற்றினான். செக்யூரிட்டிக்காரர்கள் வாட்ச் பார்த்துப் பந்தயம் கட்டினார்கள். அவன் காய்ச்சலில் படுத்த வாரம் பிளெசி ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தாள். முதல் நாள் ஒரு ஸ்க்ரூ உருண்டு ஓடி, கேட்டே மண்டியிட்டுத் தேடியது. வார முடிவில் அவளும் ஒரு நிமிஷத்துக்குள் வந்துவிட்டாள். கல்யாணத்தின்போது அவள் கணவன் மேத்யூ பரிசாகக் கொடுத்த கைப்பையில் சீப்புக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர் நிரந்தரமாகக் குடியேறியது.

பிப்ரவரியில் முதல் யூனிட்டில் இன்ஸ்பெக்ஷன். காண்ட்ராக்ட் ஆட்களில் ஒருவர் போதும் என்று கம்பெனி ஒரே ஒரு சீட்டுக் கொடுத்தது. பிளெசி உள்ளே போனாள். பிரசன்னாவும் நாகம்மாவும் கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். பிளெசியின் செல்ஃபோனையும் செக்யூரிட்டிக்காரர்கள் கேட்டில் வாங்கி வைத்துவிட்டார்கள்.

வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர். மதியம்வரை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அதில் உயரமானவர் தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஃபைல் ஒன்றைக் கேட்டார். பிளெசி வயரைச் சொருகினாள். நீல விளக்கு எரியவில்லை. எடுத்துச் சொருகினாள். எரியவில்லை. நாளைக்கு நாலு தடவை கழற்றி மாட்டிப் பெட்டியின் சாக்கெட் ஆடிப்போயிருந்தது. திரிபுரசுந்தரி மேடத்தின் முகம் வெளுத்தது. கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோரம் பிளெசியின் கண்ணெதிரே நகர்ந்து போவது தெரிந்தது.

"ரெண்டு நிமிஷம் குடுங்க மேடம்" என்றாள்.

கைப்பையைத் திறந்தாள். நாலு ஸ்க்ரூ. டிஸ்கை வெளியே எடுத்தாள். கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டையும் கழற்றினாள். சிடி போடும் பெட்டிக்குப் போகிற இரண்டு வயர்தான் யக்கா, அதைப் பிடுங்கி டிஸ்கில் மாட்டினால் தீர்ந்தது, பெட்டி எதற்கு என்று பிரசன்னா ஒரு நாள் செய்து காட்டியிருந்தான். மாட்டினாள். கண்ணை மூடி, இயேசுவே என்றாள். திரை வந்தது. பதினைந்து வருஷமும் வரிசையாக வந்தன. தொண்ணூற்றெட்டைத் திறந்து காட்டியபோது அந்த வெள்ளைக்காரர் ஃபைலைப் பார்க்காமல் கொஞ்சநேரம் அவள் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார். பிறகு சிரித்து, வெரி குட் என்றார்.

சாயங்காலம் இன்ஸ்பெக்ஷன் முடிந்து முந்திரி பர்பி கொடுத்தார்கள். மேடம் அவளுக்கு மூன்று துண்டு எடுத்து வைத்தார். கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்காரன் ஒருவன் வந்து, டிஸ்க் இனி உள்ளேயே இருக்கட்டும், காண்ட்ராக்டரிடம் பேசிக் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டாயிற்று என்றான். வெள்ளி நிறத்தில் ஒரு ஸ்டிக்கரை உரித்து டிஸ்கின் முதுகில் ஒட்டினான். கம்பெனி முத்திரை, ஒரு நம்பர், கீழே நிரந்தரச் சொத்து என்று ஆங்கிலத்தில். தகட்டை மூடினான். பிளெசிக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவன் போனபிறகு போஸ்ட்டைப் பற்றிக் கேட்டாள். மேடம் மேஜையில் இருந்த பேனாவை நேராக வைத்தார், மறுபடி நேராக வைத்தார்.

"ஹெட் ஆபீஸ்ல கேக்கறாங்க பிளெசி. எல்லாமே டிஸ்க்ல இருக்கே, தனியா ஆள் எதுக்குன்னு. அடுத்த வருஷம் பாக்கலாம்."

சரி மேடம் என்றாள் பிளெசி. பர்பி மூன்றையும் பேப்பரில் சுற்றினாள். வைக்க இடமில்லாமல் அலுமினியப் பெட்டிக்குள் வைத்தாள். டிஸ்க் இருந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. நாலு ஸ்க்ரூவையும் போட்டு மூடி, நாகம்மா தைத்த பைக்குள் செருகிக்கொண்டு நடந்தாள்.

கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் இருவரும் காத்திருந்தார்கள். ரிஜிஸ்டர் வருவதற்குள் பிளெசி நடந்ததைக் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்தே சொன்னாள்.

"நீங்களா கழத்துனிய, யக்கா? தனியாவா?" பிரசன்னா கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தான். நாகம்மா கைதட்டினாள். பிளெசிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேடம் சொன்னதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

செக்யூரிட்டிக்காரர் வழக்கம்போலப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தாள். பர்பியைப் பார்த்து, இதற்கு பில் எங்கே என்று கேட்டுச் சிரித்து, ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, காலிப் பெட்டி ஒன்று என்றே எழுதினார். அடாப்டர் ஒன்று. ஸ்க்ரூ நான்கு. டிஸ்க் எங்கே என்றார். உள்ளேயே இருக்கிறது, ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள் என்றாள் பிளெசி.

அவர் பக்கத்தைப் புரட்டி, டிஸ்க் என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்தார். ஓரத்தில் பெர்மனென்ட் என்று எழுதினார். பிறகு ஆட்கள் ரிஜிஸ்டரை எடுத்து, பிளெசியின் பெயருக்கு நேரே வெளியே போகும் நேரத்தை எழுதிவிட்டு, அவளுடைய அன்றைய சீட்டைக் கேட்டு வாங்கி ஆணியில் குத்தினார்.