மலிவு ரீலும் கொடுவா மீனும்

சந்திரசேகர் கொடுத்துச் சென்ற தூண்டில் ரீல் மீனவர் லாரன்சின் உள்ளங்கைக்குள் அடங்கியது. சென்னையில் மலிவாகக் கிடைத்ததாம்; பெட்டியின்மேல் பெயர்கூட இல்லை. தீவூரான மாயாபந்தரில் விடுதி நடத்திவந்த சந்திரசேகர், தூண்டில் போட வரும் விருந்தினரை அழைத்துச் செல்ல அந்தப் பருவத்திற்கு டிங்கி என்னும் சிறுபடகு வைத்திருக்கும் ஒரே ஒருவரை அமர்த்த எண்ணியிருந்தார். பெரியதம்பி என்பவரிடம் டிங்கியும் இருந்தது, விலையுயர்ந்த வெளிநாட்டு ரீலும் இருந்தது. லாரன்சிடம் டிங்கி மட்டுமே இருந்தது. அதுவும், பழைய டிங்கியைச் சுனாமி கொண்டுபோன பின்னர், ஏழாண்டுகள் பிறர் படகில் உழைத்து வாங்கியது.

நிபந்தனை எளியது. சனிக்கிழமை பிற்பகல் சந்திரசேகர் உடன் வருவார். அந்த ரீலைக் கொண்டு, தூண்டில் நரம்பு சிக்காமல் வீசி, ஒரு கொடுவாவைப் பிடித்துக் காட்ட வேண்டும். காட்டினால் விடுதிக்கு அதே ரகத்தில் பத்து ரீல்கள் வரும். பருவம் முழுவதும் வேலை லாரன்சுக்கு. இல்லையேல் பெரியதம்பிக்கு.

சுனாமியோடு வந்த பூகம்பத்தில் கரை மேலெழுந்ததால், கொடுவா வரும் ஓடையின் வாய் பாறைத்திட்டாகிவிட்டிருந்தது. டிங்கி உள்ளே செல்லாது. முதலைக்கு அஞ்சி எவரும் இறங்கி நடப்பதுமில்லை. ஆகவே திட்டுக்கு வெளியே நின்றவாறே, அலையாத்தி வேர்களின் நிழலில் இரைபோலத் தோன்றும் பொய்மீன் விழும்படி வீசியாக வேண்டும். கொடுவா பதுங்குமிடம் அந்த நிழல்தான்.

திங்கட்கிழமை லாரன்ஸ் தம் வீட்டுக்குப் பின்னுள்ள கரையில் நின்று, நீரில் கல்கட்டி மிதக்கவிட்ட தெர்மாக்கோல் துண்டைக் குறிவைத்து வீசினார். பொய்மீன் விழுந்தது; ஆனால் ரீலின் உருளை நிற்காமல் சுழன்று, நரம்பு முழுவதையும் சிக்கலாக்கிற்று. அதைப் பிரிக்க அரைமணி நேரம் ஆயிற்று. மறுநாள் உருளையின் வேகத்தைக் குறைக்கும் பக்கவாட்டுத் திருகை ஒவ்வொரு கோடாக இறுக்கிப் பார்த்தார். முற்றிலும் இறுக்கினால் சிக்கவில்லை, பாதித் தொலைவுகூடப் போகவுமில்லை. தளர்த்தினால் போயிற்று, சிக்கியது. புதன்கிழமை நண்பகலுக்குள் பதினொரு சிக்கல்கள்.

அவர் மனைவி சூசைமேரி சற்றுத் தள்ளிக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள்.

“தூக்கணாங்குருவிகூட இவ்வளவு வெரசா கூடு கட்டாது,” என்றாள்.

மலிவுச் சரக்கு வேறெப்படி இருக்கும் என்று லாரன்ஸ் முணுமுணுத்தார். அவள் கையிலிருந்த மீனைப் பரப்பிவிட்டு எழுந்து அருகில் வந்தாள்.

“ரீலு நல்லாத்தான் சுத்துது. தண்ணியில விழுந்ததும் நீங்கதான் கைய விடுதீங்க. ஈயம் அடிக்குப் போவட்டும்னு விடுவீங்கல்லா, அதே மாதிரி.”

லாரன்ஸ் தம் கையைப் பார்த்தார். முப்பது ஆண்டுகளாகக் கைத்தூண்டில் போட்ட கை அது. ஈயம் நீரைத் தொட்ட கணமே விரல்கள் தாமாக விரியும். நரம்பு தடையின்றி அடிவரை இறங்க வேண்டும் அல்லவா? இங்கோ பொய்மீன் நீர்மேல் நின்றுவிடுகிறது. உருளை மட்டும் சுழல்கிறது. அந்தக் கணத்தில் கட்டைவிரல் உருளையை அழுத்த வேண்டும்; அவருடைய விரலோ அப்போதுதான் எழுந்தது.

அறிந்துகொண்டது ஒரு நொடியில். விரல் அதற்கு இணங்க இரண்டு நாள்கள் பிடித்தன. வியாழனன்று இருநூறு முறை வீசினார். விரல் எழுந்தபோதெல்லாம் சூசைமேரி கருவாட்டிலிருந்து கண்ணெடுக்காமலே, “விட்டாச்சு,” என்றாள். வெள்ளிக்கிழமை மாலை அவள் ஒருமுறைகூட அதைச் சொல்ல நேரவில்லை.

சனிக்கிழமை எதிர்க்காற்று வீசிற்று. முதல் வீச்சு திட்டின்மேலேயே விழுந்தது. டிங்கியின் முனையில் அமர்ந்து சந்திரசேகர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வீச்சு வேர்களின் நிழலுக்குள் இறங்கியது, கட்டைவிரல் அழுந்தியது, உருளை நின்றது. லாரன்ஸ் இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பார், நீர் வெடித்தது.

கொடுவா வேர்களை நோக்கிப் பாய்ந்தது. மீனின் இழுப்பைத் தடுக்க வேண்டிய மற்றொரு திருகை அவர் இறுதிவரை இறுக்கியும் அது வழுக்கிக்கொண்டே நரம்பை விட்டது. இன்னும் இரண்டு பாகம் நீளம் சென்றால் நரம்பு வேரில் உரசி அறுந்துவிடும். லாரன்ஸ் கட்டைவிரலை உருளையின்மீது வைத்து அமுக்கினார். ஓடும் நரம்பு தோலைத் தீய்த்தது. அவர் விரலை எடுக்கவில்லை. மீன் திரும்பிற்று.

நான்கு கிலோ தேறும் கொடுவா டிங்கிக்குள் துடித்தபோது சந்திரசேகர் முகம் மலர்ந்தது.

“இந்த வெலைக்கு இது சலேகா, போதும், லாரன்ஸ் பாய். பத்துக்கும் சொல்லிடுறேன்.”

பேசாதிருந்தால் வேலை கைக்கு வந்துவிடும். லாரன்ஸ் நரம்பை முழுவதும் சுற்றி முடித்தார்.

“வாங்காதீங்க சார். வீசறதுக்கு நல்ல ரீலு. பெரிய மீனு இழுத்தா நிக்காது. என் வெரலு நிப்பாட்டிச்சு. கெஸ்ட்டுக்கு இந்த வெரலு இருக்காது.”

விரலை நீட்டிக் காட்டினார். காய்ப்பேறிய தோல் ஒரு கீற்றாக உரிந்து சிவந்திருந்தது. சந்திரசேகர் அதையும் ரீலையும் மாறிமாறிப் பார்த்தார். பெரியதம்பியின் ரீலைப் பற்றி அவர் ஏதேனும் கூறுவார் என்று லாரன்ஸ் எதிர்பார்த்தார்.

“வேற ரகம் வரவழைக்கிறேன்,” என்றார் அவர். “அதையும் நீங்கதான் பாத்துச் சொல்லணும். செவ்வாக்கெழம கெஸ்ட் வர்றாங்க. காலையில அஞ்சு மணிக்கு படகு ஜெட்டிக்கு வந்துருங்க. புது ரீல் வர்ற வரைக்கும் இதுவே ஒங்ககிட்ட இருக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வந்ததும் லாரன்ஸ் கரைக்குச் சென்றார். வலக் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. ஆகவே ரீல் மாட்டிய தூண்டில் கோலை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வீசினார். பொய்மீன் விழுந்தது. நரம்பு சிக்கிற்று.

“விட்டாச்சு,” என்றாள் சூசைமேரி.

லாரன்ஸ் கீழே அமர்ந்து சிக்கலைப் பிரிக்கத் தொடங்கினார். செவ்வாய்க்கு இன்னும் இரண்டு நாள்கள் இருந்தன.