நாகேஸ்வரியின் சேவைநலன் பாராட்டு விழா

உதவிப் பணிப்பாளர் கனகலிங்கம் கொழும்பில் இரண்டு நாள் செயலமர்வு முடித்துப் புத்தூருக்குத் திரும்பியபோது கையில் ஒரு துணிப்பையும் முகத்தில் ஒரு தெளிவும் இருந்தன. துணிப்பை வந்த எல்லாருக்கும் கொடுத்தது. தெளிவும் அப்படித்தான். செயலமர்வின் தலைப்பு, 'தலைவர்களே, ஆண்டைப் பலமாக முடியுங்கள்: வேலையிலும் வீட்டிலும்'. நடத்தியவர் காலுறை இல்லாமல் சப்பாத்துப் போட்ட ஓர் இளைஞர். இன்னும் கலியாணம் ஆகவில்லை. ஆகையால் வீட்டைப் பற்றி அவரிடம் மிகத் துணிவான கருத்துகள் இருந்தன.

வேலைப் பக்கத்தைக் கனகலிங்கம் ஒரே காலையில் முடித்தார். கந்தோரில் தேங்கிக் கிடந்த கோவைகளையெல்லாம் மேசைக்கு எடுப்பித்து, ஒவ்வொன்றிலும் 'அடுத்த ஆண்டில் கவனிக்கப்படும்' என்று எழுதிக் கையொப்பமிட்டார். மத்தியானம் பார்த்தால் நிலுவை என்று ஒன்றுமில்லை. பங்குனியிலிருந்து ஒரு கிணற்று விஷயமாக நடந்துகொண்டிருந்த மனிதர், தன் கோவை கடைசியில் அசைந்துவிட்டதாம் என்று கேள்விப்பட்டு ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

வீடுதான் சிக்கல். மகன் கனடாவில். வீட்டில் மிச்சம் இருந்தது மனைவி நாகேஸ்வரி. நாகேஸ்வரிக்கு நெடுநாளாக ஓர் ஆசை: மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போகவேண்டும். கரவெட்டியில் இருக்கும் அக்கா பராசக்தி வருஷம் தவறாமல் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போவார். வருஷம் தவறாமல் நாகேஸ்வரியும் கேட்பார். கனகலிங்கம் ஒருநாளும் மாட்டேன் என்றதில்லை. நல்ல உத்தியோகத்தர் மாட்டேன் என்று சொல்லமாட்டார். "காங்கேசன்துறையிலை கப்பல் விடட்டும்" என்றார். கப்பலை விட்டார்கள். "கடல் கொஞ்சம் அடங்கட்டும்" என்றார். மார்கழிக் கடல் அவருக்கு விசுவாசமாக அடங்காமல் கிடந்தது. இந்த முறை அக்கா பலாலியிலிருந்து பிளேனில் போவதென்று முடிவெடுத்ததில் அவருக்குக் கடலின் ஒத்தாசையும் இல்லாமற் போய்விட்டது.

"இஞ்சேருங்கோ, அக்கா ரிக்கற் போடப்போறாவாம். நான் வாறனோ இல்லையோ எண்டு வெள்ளிக்கிழமைக்குள்ளை சொல்லட்டாம்."

"நீர் கொஞ்சம் பொறும். வருஷக் கடைசியெல்லே. உமக்கெண்டு நான் ஒரு விசயம் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

"என்ன விசயம்?"

"அது இப்ப சொல்லேலாது."

"அப்ப அக்காவுக்கு என்ன சொல்ல?"

"பரிசீலனையிலை இருக்கெண்டு சொல்லும்."

விஷயம் இதுதான். 'உங்கள் வீட்டைத் தாங்குகிறவரின் கண்ணைப் பார்த்து ஒரு நன்றி சொல்லுங்கள்' என்று அந்தச் சப்பாத்து இளைஞர் சொல்லியிருந்தார். கனகலிங்கம் ஒரு பின்னேரம் முயன்றும் பார்த்தார். குசினி வாசலில் போய் நின்று, தேங்காய் துருவிக்கொண்டிருந்த மனைவியின் கண்ணையே பார்த்தார்.

"என்ன, சீனி கூடிப்போச்சோ? போய்ப் படுங்கோ" என்றார் நாகேஸ்வரி.

ஒலிவாங்கி இல்லாமல் அவருக்கு நன்றி வராது. சேவைக்காலம் முழுக்க அவர் அறிந்த நன்றிக்கு ஒரே உருவந்தான்: பதாகை, மங்கல விளக்கு, பொன்னாடை, சட்டம் போட்ட வாழ்த்துப்பா. ஆகவே வீட்டிலேயே நாகேஸ்வரிக்குச் சேவைநலன் பாராட்டு விழா எடுப்பதென்று தீர்மானித்தார். இளைப்பாறுகிறவர்களுக்கும் மாற்றலாகிப் போகிறவர்களுக்குந்தான் அந்த விழா எடுப்பது வழக்கம் என்று கந்தோரில் எல்லாருக்கும் தெரியும். மேலதிகாரிக்குத் தெரியாததைச் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. விறாந்தையில் 'இல்லப் பணியில் இருபத்தாறு ஆண்டுகள்' என்று பதாகை. முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரைகளில் கந்தோர் முழுவதும். விழா நாயகிக்கு முதல்நாள்தான் விஷயம் தெரியும். அதுவும் நாற்பது பேருக்கு வடையும் கேசரியும் செய்யச் சொன்னபோது. "உம்மடை விழாவுக்கு வெளியிலை எடுத்தால் மரியாதையில்லை" என்று கனகலிங்கம் விளக்கியிருந்தார்.

பின்வரிசையில் இரண்டு பேர் கதைத்தார்கள்.

"அம்மாவுக்கு எவடம் மாற்றமாம்?"

"எவடமெண்டாலும் இனி வசதியான இடந்தான். கஷ்டப் பிரதேசச் சேவையை இஞ்சையே செய்து முடிச்சிட்டாவெல்லே."

அறிவிப்பாளர் நிரோஜா அழைக்க, தலைமை எழுதுவினைஞர் தேவராசா வாழ்த்துப்பா வாசித்தார். அவருடைய கணினியில் ஒரு வாழ்த்துப்பா உண்டு. கந்தோரை விட்டுப் போன எல்லாரும் பெயர் மாற்றி அதைத்தான் வாங்கிப் போனார்கள். இம்முறையும் பெயரை மாற்றினார், வேறொன்றிலும் கைவைக்கவில்லை.

ஓயா துழைத்தவரே, ஓய்வுபெறும் இந்நாளில்
நோயேதும் அணுகாது நூறாண்டு வாழியவே!
பொறுப்பெல்லாம் இறக்கிவைத்துப் போய்வருக புன்னகையோடு!

எல்லாரும் கைதட்டினார்கள். கனகலிங்கம் பொன்னாடையைப் படத்துக்குச் சரியாகப் பிடிப்பதில் கவனமாக இருந்ததால் ஒரு வரியும் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் வாழ்த்துப்பாவை யார்தான் கேட்கிறார்கள்? நாகேஸ்வரி கேட்டார்.

நிகழ்ச்சி நிரலில் கடைசியாக ஏற்புரை. வழமையாகப் போடுவது என்று நிரோஜா போட்டது. நாகேஸ்வரி ஒலிவாங்கியை வாங்கினார்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேடையிலை கதைச்சுப் பழக்கமில்லை. இவர் எனக்கு ஓய்வு தருவாரெண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை. தேவராசா அண்ணை வாசிக்கேக்கைதான் விளங்கிச்சு. இவரோடை நான் எத்தினை விழாவுக்கு வந்திருக்கிறன். பொன்னாடை போர்த்த ஆள் அடுத்தநாள் வேலைக்கு வந்ததை ஒருக்காலும் காணேல்லை. பொறுப்பை ஒப்படைச்சுப்போட்டுத்தான் போறவை. நானும் முறைப்படி ஒப்படைக்கிறன்."

இடுப்பில் செருகியிருந்த, வீட்டுப் பூட்டுகளின் திறப்புக் கோர்வையை எடுத்துக் கணவர் கையில் வைத்தார். கந்தோர் பழக்கப்படி கைதட்டியது. நிரோஜா படம் எடுத்தார்.

"அக்காவுக்கு நான் வெள்ளிக்கிழமையே ஓம் எண்டிட்டன். இப்ப இவரும் ஓம் எண்டதாலை மனசுக்கு நிறைவாய் இருக்கு. எல்லாரும் இருந்து சாப்பிட்டுப் போங்கோ."

சனம் போனபிறகு கனகலிங்கம் வாய் திறந்தார்.

"உதென்ன வேலை? சனத்துக்கு முன்னாலை."

"நீங்களும் சனத்துக்கு முன்னாலைதானே நன்றி சொன்னனீங்கள்."

"தேவராசா பிழையாய் அடிச்சுப்போட்டான்."

"அடியிலை உங்கடை கையெழுத்தும் முத்திரையும் கிடக்கு."

அவர் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தார். கிடந்தது. சேவையில் வாசித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட வழக்கம் அவருக்கில்லை.

"அப்ப திரும்பி வரமாட்டீரோ?"

நாகேஸ்வரி சிரித்தார்.

"பொங்கலுக்கு வருவன். மீள்நியமனம் தாறதெண்டால் நிபந்தனையளை அப்ப இருந்து கதைப்பம். லீவு எத்தினை நாள் எண்டதிலையிருந்து."

வருஷத்தின் கடைசி நாள் விடிய, கரவெட்டி வான் வந்து நின்றது. பெட்டியைக் கனகலிங்கம்தான் தூக்கி வைத்தார். "தம்பி, நல்ல மனசு உமக்கு" என்றார் பராசக்தி. அவர் அதை மறுக்கவில்லை. மறுப்பதற்கு முன்னுதாரணம் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

புதுவருஷத்தன்று கந்தோரில் கொடியேற்றி உறுதியுரை எடுத்தார்கள். கனகலிங்கம் சுருக்கம் விழுந்த, மினுக்காத சேர்ட்டோடு முன்னால் நின்று கணீரென்று வாசித்தார். முடிந்து பாற்சோறு கொடுக்கும்போது தேவராசா மெல்ல ஒதுங்கி வந்தார்.

"அம்மா சுகமாய்ப் போய்ச் சேர்ந்திட்டாவோ, சேர்?"

"ஓம், ஓம். இரவு கதைச்சவ. அங்கையும் மழையாம்." பாற்சோற்றில் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு குரலைத் தணித்தார். "தேவராசா, புட்டுக்கு அரிசிமாவை வறுக்கிறதோ, அவிக்கிறதோ?"

தேவராசா நெடுநேரம் யோசித்தார். முப்பது வருஷம் புட்டுச் சாப்பிட்ட மனிதர்.

"வீட்டிலை கேட்டுச் சொல்லுறன், சேர்" என்றார்.