ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் கல்யாணம்

கல்யாணத்தன்று மதியம் ஷெனவீவ், தலையில் முடி சுருட்டும் குழல்களும் பெயிண்ட் பட்ட ஜீன்ஸுமாக ஏணிமேல் நின்று, மண்டபத்து உத்தரத்தில் விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்குச் சடங்கு. மாப்பிள்ளை லாக்லன் சிங்கி இறால் வாங்கத் துறைக்குப் போயிருந்தான்.

வாசலில் வரிசையாகக் கார்கள் வந்து நின்றன. கோட்டும் டையுமாக லாக்லனின் பெரியப்பா ஹெக்டர், பூத்தொப்பியோடு அவர் மனைவி எஃபி, பின்னால் கேப் பிரெட்டன் தீவுச் சொந்தக்காரர்கள் மொத்தப் பேரும்.

"என்னம்மா, ஏணியிலதான் கல்யாணமா?" என்றார் ஹெக்டர்.

"பெரியப்பா! நாலு மணிக்குத்தானே?"

"நீ பண்ணின கல்யாண அழைப்புப் பக்கத்துல ஒரு மணின்னுல்ல இருக்கு? எஃபி, அதை எடு."

எஃபி கைப்பையிலிருந்து பழைய டேப்லெட்டை எடுத்து நீட்டினாள். ஒரு மணி என்றுதான் இருந்தது. ஷெனவீவ் தன் கைப்பேசியில் அதே பக்கத்தைத் திறந்தாள். நாலு மணி. இணையப் பக்கம் செய்வதுதான் அவள் பிழைப்பே.

ஏணிப் படியிலேயே உட்கார்ந்து யோசித்தாள். பளிச்சென்று புரிந்தது. நேரத்தை எழுதியவள், எந்த ஊர் நேரம் என்று எழுதவில்லை. புது பிரவுசர் அதை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொண்டது; பழையது கிரீன்விச் நேரம் என்று நினைத்து, உள்ளூர் நேரத்துக்கு மாற்ற மூன்று மணி நேரத்தைக் கழித்துவிட்டது. அவள் சோதித்துப் பார்த்ததெல்லாம் தன்னுடைய புது பிரவுசரில் மட்டும்தான்.

"இப்பவே திருத்திடறேன்" என்று விறுவிறுவென்று தட்டினாள். டேப்லெட்டில் நாலு மணி வந்தது.

"ரொம்ப சந்தோஷம். நாங்க வீட்டுக்குப் போய்ட்டு மறுபடி வரவா?" என்றாள் எஃபி. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அப்போது பாதிரியார் லெஜேர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். "எனக்கும் ஒண்ணுன்னுதாம்மா காட்டிச்சு. நாலு மணிக்குப் பக்கத்து ஊர்ல ஞானஸ்நானம் ஒத்துக்கிட்டேனே!"

ஷெனவீவுக்கு அழுகை முட்டியது. எஃபி பூத்தொப்பியைக் கழற்றி எறிந்தாள். "அழுறதுக்கு நேரமில்ல தங்கம், கல்யாணத்த இப்பவே முடிச்சிடலாம். குழலைக் கழட்டு. ஏ ஹெக்டர், ஏணியில ஏறு!"

ஆளுக்கொரு வேலையாகப் பாய்ந்தார்கள். நாற்காலிகள் நகர்ந்தன, உருளைக்கிழங்கு வெந்தது, யாரோ வயலினை எடுத்து இழுத்தார். லாக்லன் ரப்பர் பூட்ஸோடு வந்து விழித்தான். பூட்ஸைக் கழற்ற நேரமில்லை. அப்படியே பக்கத்துக் கோயிலுக்கு இழுத்துப்போய் மோதிரம் மாற்ற வைத்தார்கள்.

நாலு மணிக்கு ஹாலிஃபாக்ஸிலிருந்து நண்பர்கள் வந்தபோது ஆட்டம் களைகட்டியிருந்தது. ஷெனவீவோடு வேலை பார்க்கும் டெஸ்மண்ட் விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"பழைய பிரவுசர்லயும் திறந்து பாருன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்டி! இப்ப நாங்க என்னத்தப் பாக்கறது?"

"இதுக்கா வருத்தம்?" என்று கத்தினார் ஹெக்டர். "இன்னொரு தடவ பண்ணிட்டாப் போச்சு! டேய் லாக்லன், வாடா!"

மண்டப நடுவில் இருவரும் மறுபடி கைகோத்து நின்றார்கள். முதல் தடவை தடுமாறிய திருமண வாக்குறுதியை லாக்லன் இம்முறை பிசகாமல் சொன்னான். ஷெனவீவ்தான் பாதியில் சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்கவே இல்லை. மீதியை மண்டபமே சேர்ந்து சொல்லி முடித்தது.