தண்ணீர் குடிக்கும் சுமை

மனிதகுலம் இதுவரை தப்பாகத்தான் நடந்து வந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்தவன் செந்தமிழன், ஏனாத்தூர் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு. கண்டுபிடித்த இடம், உத்திரமேரூருக்குப் பக்கத்தில் அவர்கள் தெருமுனை டீக்கடை. ஆதாரங்களும் கைவசம் இருந்தன. படையெடுத்துப் போன ராஜாக்கள் தோற்றது மூட்டை கனத்தால். சித்தர்கள் மலை ஏறியது கோவணத்தோடு. ஆக, முதுகில் இருப்பதைக் குறைத்தால் மனிதன் எங்கே வேண்டுமானாலும் போய்ச் சேரலாம். வேளாங்கண்ணி எம்மாத்திரம்?

இந்தக் கண்டுபிடிப்புக்கு அவசரத் தேவை இருந்தது. ஆகஸ்டு மாதம் தெருவிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் கூட்டத்தின் மூட்டைகளை ஒரு குட்டி லாரி சுமந்துகொண்டு பின்னால் வருவது வழக்கம். இந்த வருஷம் அதன் சொந்தக்காரர் வண்டியை விற்றுவிட்டார். "அவங்கவங்க மூட்டைய அவங்கவங்கதான் தூக்கணும். எவ்ளோ தாங்கும்னு இப்பவே பார்த்துக்கோங்க" என்று கூட்டத்தின் தலைவரான பெயின்டர் அருள்தாஸ் சொல்லிவிட்டார்.

செந்தமிழன் மாதாவுக்கு எதுவும் வேண்டிக்கொண்டவன் இல்லை. அவன் வீட்டுக்கு மாரியம்மன். பெரியம்மா வீடுதான் வேதக்காரர்கள், மாதாவைக் கும்பிடுகிறவர்கள். பெரியம்மா மகள் ஷீபா இந்த வருஷம் நடக்கிறாள். அவள் புருஷன் பீட்டருக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. அதனால் அக்காவுக்குத் துணையாக இவனை அனுப்பினார்கள். துணைக்குப் போகிறவன் தலைமை தாங்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

முதலில் தன் பையைச் சீர்திருத்தினான். பல் விளக்கும் பிரஷ்ஷின் பிடியைப் பாதியாக அறுத்தான். துண்டைக் கிழித்துப் பாதியை வீட்டில் விட்டான். சோப்பில் கால்வாசி எடுத்துக்கொண்டான். சட்டைக் காலரில் தைத்திருந்த கம்பெனிப் பெயரைக்கூட பிளேடால் பிரித்தெடுத்தான். பழைய இரும்புக் கடைத் தராசில் பையை மாட்டினால் மூன்று கிலோவுக்குச் சற்று முன்பே முள் நின்றது. அந்த வெற்றிக்காக வாலாஜாபாத்துக்குப் பஸ் ஏறிப் போய் இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தான். வயிற்றில் இருப்பது மூட்டைக் கணக்கில் சேராது.

பிறகு ஷீபாவின் பையைப் பரிசோதிக்கப் போனான். 

"இன்னாக்கா இது, போர்வையா?"

"மய வந்தா?"

"வந்தா நனையலாம். தோலு தானா காஞ்சிரும், போர்வை காயாது. இன்னொரு ஜோடி செருப்பு எதுக்கு? ஒனக்கு இன்னா நாலு காலா?"

"ஒன் வாய்க்கு ஒரு பூட்டும் வாங்கி வெச்சிக்கறேன். அதையும் எடையில சேத்துக்கோ."

ஊறுகாய் டப்பா, தைலம், ஊசி நூல், ஊக்கு, தேங்காயெண்ணெய், இரண்டு பெரிய தண்ணீர் பாட்டில். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டே வந்தவன், பக்கத்தில் இருந்த ஒயர் கூடைக்குள் எட்டிப் பார்த்தான். அதற்குள் ஒரு தென்னங்கன்று. மட்டையோடு கூடிய முழுத் தேங்காய், அதிலிருந்து நிமிர்ந்து நிற்கும் ஓலைகள், அடியில் ஈரச் சாக்கு.

ஷீபாவின் மகள் ஷாரோன் மாசம் நிறையும் முன்பே பிறந்தவள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவளை, வெளியே நின்று பார்த்துக்கொண்டே ஷீபா மாதாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள்: புள்ள வூடு வந்து சேந்தா, தென்னங்கன்னு தூக்கிக்கினு நடந்தே வர்றேன். பிள்ளை வந்து சேர்ந்த அன்றைக்கே துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு நெற்றுத் தேங்காயைப் புதைத்தாள். இப்போது ஷாரோன் தவழ்ந்து போய்ப் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைக் கவிழ்க்கிறாள். கன்று முழங்காலுக்கு மேல் வளர்ந்து நிற்கிறது.

இதெல்லாம் செந்தமிழனுக்கும் தெரியும். ஆனாலும் விஞ்ஞானம் விஞ்ஞானம்தான்.

"யக்கா, கோயில் வாசல்லயே கன்னு விக்கிறாங்க. அங்க ஒண்ணு வாங்கிக்கலாம்."

"அங்க நெறைய பேரு புள்ளையும்தான் வெச்சிக்கினு நிப்பாங்க. அதுக்குன்னு என் புள்ளைக்குப் பதிலா அங்க ஒண்ணத் தூக்கிக்குவனா?"

"சரி, இந்த ரெண்டு பாட்டிலு?"

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு இதுக்கு."

"சுமை தண்ணி குடிச்சி நான் பார்த்ததே இல்ல. இது சுமையே இல்லக்கா, டிக்கெட் எடுக்காத பேசஞ்சரு."

திண்ணையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த கூட்டம் சிரித்தது. ஷீபாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, அவன் வெளியே எடுத்து வைத்த எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் வைத்துக் கட்டினாள்.

காவி உடுத்திக் கிளம்பிய அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாக நடந்தவள் அவள்தான். முதுகில் பை, இடுப்பில் கூடை. ஒரு இடுப்பு வலித்தால் கூடை மறு இடுப்புக்கு மாறும், நடை நிற்காது. லாரி கிளப்பும் காற்றில் ஓலை அவள் முகத்தில் அடிக்கும். "சும்மா இருடி" என்று அதை ஒதுக்கிவிட்டு மேலே நடப்பாள். வெயில் ஏறினால் முந்தானை கன்றுக்குப் போகும். அவள் தலைக்கு ஒன்றும் இருக்காது.

செந்தமிழன் லேசாக நடப்பதன் மகிமையை அச்சரப்பாக்கம் வரைக்கும் விளக்கிக்கொண்டு போனான். அங்கே மழை பிடித்தது. தோல் தானாகக் காயவில்லை, பல்லு தந்தியடித்தது. அன்றைக்கு ஷீபாவின் போர்வைக்குள் தூங்கினான். திண்டிவனத்துக்கு முன்னால் செருப்பு வார் அறுந்தது. முதலில் அவளிடம் ஊக்கு வாங்கினான், ஊக்கும் வளைந்தது. பிறகு அந்த இன்னொரு ஜோடி செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டான். ரோஸ் கலர். பாண்டிச்சேரிக்குள் நுழைகையில் தொடை உரசிப் புண்ணாகி, காலை அகட்டி அகட்டி நடந்தான். தேங்காயெண்ணெய் போன இடம் அதுதான். கோயில் மண்டபத்தில் கொடுத்த வெறும் தயிர்சோற்றுக்கு ஊறுகாய் அவளுடையது. தைலத்தில் பாதி அவன் கெண்டைக்காலில் ஏறியிருந்தது.

"ஒன் கொள்கை எப்டிடா கீது?" என்று கடலூரில் அருள்தாஸ் கேட்டார்.

"நல்லா கீதுண்ணே. இன்னும் மூணு கிலோதான்."

அது உண்மையும்கூட.

காரைக்கால் தாண்டியதும் ஷீபா பின்தங்கினாள். எந்நேரமும் முன்னால் ஆடிக்கொண்டு போகும் ஓலை கண்ணில் படவில்லையே என்று செந்தமிழன்தான் முதலில் திரும்பிப் பார்த்தான். குதிகாலில் வந்திருந்த கொப்புளத்தைச் சொல்லாமல் துணி சுற்றி நடந்திருக்கிறாள். அது உடைந்து, பாதம் வீங்கிப்போயிருந்தது.

நாகப்பட்டினத்துக்கு வெளியே ஒரு டீக்கடையில் உட்காரவைத்து அருள்தாஸ் துணியைப் பிரித்துப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"சாயங்காலம் கொடியேத்தம். இந்தக் கால வெச்சிக்கினு இந்தக் கனத்தோட நீ வந்து சேர முடியாதும்மா. ஒன்ன பஸ்ல ஏத்தி வுட்டுர்றேன். கன்ன நாங்க தூக்கிக்கினு வர்றோம். மாதா ஒண்ணும் கோச்சிக்க மாட்டா."

"மாதா கோச்சிக்க மாட்டாண்ணே. நான் கோச்சிப்பேனே."

"அடம் புடிக்காத ஷீபா."

"கனம்தான பேஜாரு?"

பையைக் கழற்றி மடியில் வைத்துப் பிரித்தாள். போர்வை வெளியே வந்தது. ஊறுகாய் டப்பா, தைலம், எண்ணெய், ஊசி நூல், ஊக்கு என்று வரிசையாக பெஞ்சில் வைத்தாள். மாற்றுப் புடவையையும் வைத்தாள்.

"நீ சொன்னதுதான்டா தமிழு. வேண்டாதது எதுக்கு?"

அவள் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே சொன்னாள். அது இன்னும் மோசமாக இருந்தது. பெஞ்சில் இருந்தவற்றில் புடவையைத் தவிர அவள் எதைத் தனக்கென்று எடுத்தாள் என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவன் முதுகில் இல்லாத கனமெல்லாம் இத்தனை தூரமும் அவள் முதுகில்தான் நடந்து வந்திருக்கிறது.

தன் பாட்டிலில் மிச்சமிருந்த இரண்டு மடக்கைக் குடித்தாள். மற்ற பாட்டிலைக் கன்றின் மேல் கவிழ்த்தாள். ஓலை நுனிகள் பழுத்திருந்தன.

"ஒரே வாட்டியா குட்சிக்கோடி. இனிமே அங்க போய்தான்."

காலி பாட்டில்களையும் பெஞ்சிலேயே விட்டாள். "நடந்து வர்றவங்க யாரு கேட்டாலும் இதெல்லாம் குட்த்துருங்கண்ணே" என்று கடைக்காரரிடம் சொன்னாள். காலிப் பையை முதுகில் மாட்டி, கூடையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தாள். எழுந்தாள். முதல் அடியில் உதட்டைக் கடித்தாள், இரண்டாவதில் கடிக்கவில்லை. அருள்தாஸ் அவள் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டார். கூட்டமும் குறைத்துக்கொண்டது.

செந்தமிழன் ஒன்றுக்குப் போகிறவன்போல் பின்தங்கினான். எல்லாரும் வளைவு திரும்பியதும் பெஞ்சுக்கு வந்தான்.

"யாருதுப்பா இதெல்லாம்? ஒங்க ஆளுங்களுதா?" என்றார் கடைக்காரர்.

"என்னுதுதாண்ணே."

அவனுடையது சின்னப் பை என்பதால் சீக்கிரமே நிரம்பிவிட்டது. போர்வையைக் கழுத்தில் சுற்றினான். ஊறுகாய் டப்பாவைப் புடவையில் முடிந்து தோளில் தொங்கவிட்டான். இரண்டு பாட்டில்களையும் குழாயில் கழுத்துவரை நிரப்பிக் கைக்கொன்றாக எடுத்துக்கொண்டான். ரோஸ் கலர் செருப்பு தார் ரோட்டில் பட்டுப்பட்டென்று அடிக்க, ஓட்டமும் நடையுமாக வந்து கூட்டத்தின் வாலில் சேர்ந்தான். அருள்தாஸ் திரும்பிப் பார்த்தார். பிறகு முன்னால் பார்த்து நடந்தார்.

வேளாங்கண்ணியில் மணல்மேல் கொள்ளாத காவிக் கூட்டம். கொடி ஏற இன்னும் நேரம் இருந்தது. காணிக்கை வாங்கும் இடத்துக்கு நீண்ட வரிசை, மொட்டை வெயில். ஷீபா ஒற்றைக் காலில் கனத்தைச் சாய்த்து, கோபுரத்தைப் பார்த்தபடி நின்றாள். கண்ணில் நீர் ஓடியது. துடைக்கக் கை இல்லை. அணைப்பில் இருந்த கன்று ஒரு பக்கமாகச் சோர்ந்து தொங்கியது.

முதல் பாட்டில் வழியிலேயே தீர்ந்திருந்தது, பெரும்பங்கு கன்றுக்குத்தான். செந்தமிழனுக்கு நாக்கு வறண்டிருந்தது. இரண்டாவது பாட்டிலைத் திறந்தான். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி, மட்டையைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு சொட்டு கீழே சிந்தாமல் ஊற்றினான்.