ஏழு வயது உயரம்

காலை ஒன்பது இருபதுக்கு மூன்றாம் வகுப்பின் கரும்பலகை முன்னால் இருபத்துநான்கு வயதில் நின்றவள், ஒன்பது இருபத்தொன்றுக்கு ஏழு வயது உயரத்தில் நின்றாள். உடுப்பு அவளோடு சேர்ந்து சுருங்கியது. செருப்பு மட்டும் பழைய அளவிலேயே கிடந்தது.

வீட்டில் இது புதிதல்ல. சிறு வயதில் படித்த கதைப் புத்தகம் எதையாவது திறந்தால், அதை முதன்முதலில் படித்த வயதின் உயரத்துக்கு வந்துவிடுவாள். மூடி அரை மணி நேரத்தில் பழையபடி வளர்ந்துவிடுவாள். மற்ற வீடுகளில் கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் மேலே போகும். இங்கே ஒரே வாரத்தில் ஏறியும் இறங்கியும் இருந்தன. வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு நன்றாகச் சாப்பிடச் சொன்னார். பஸ்ஸில் படித்தபோது நடத்துனர் அரை டிக்கெட் கிழித்தார்.

ஆசிரியை ஆக மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். வாய்ப்பு மூன்று. முதல் முறை பிள்ளைகளைப் பார்த்ததும் பாடத்தின் முதல் வரியே மறந்துபோனது. இரண்டாம் முறை சாக்பீஸ் கையிலேயே பொடியானது. இதுவும் போனால் அவ்வளவுதான். விண்ணப்பத்தில் ‘தனிப்பட்ட ஈடுபாடுகள்’ என்ற கட்டத்தில் குழந்தைக் கதைகள் என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்தாள்.

“நீச்சல்னு போடு,” என்றான் அண்ணன். “அங்க யாரும் குளம் வெட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கப் போறதில்ல.”

போட்டாள். வாசித்துக் காட்ட ஒரு புத்தகம் வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும் என்பது விதி. போன மாதம் வாங்கிய, தேனீக்களைப் பற்றிய புத்தகத்தைக் கொண்டுபோவது என்று முடிவு செய்தாள். அம்மாவுக்கு அச்சகத்தில் புத்தகம் தைக்கும் வேலை. வீட்டுக்குள் எந்தப் புத்தகம் நுழைந்தாலும் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவாள். அலமாரி முழுக்க ஒரே நிறம். மூன்று நாள் தூங்காத கண்ணுக்கு எந்தப் பழுப்பு எதுவென்று தெரியவில்லை.

வகுப்பில் பிரித்தபோது தேனீ இல்லை. கிணற்றுக்குள் வீடு கட்டிய ஆமை இருந்தது. இப்போது மூடினாலும் வளர அரை மணி. பாடமோ இருபது நிமிடம்.

“டீச்சர் எங்கடி?” என்றது கடைசி வரிசை.

“அங்கதான் இருக்காங்க, எந்திரிச்சுப் பாரு,” என்றது முன்வரிசை.

பின்னால் உட்கார்ந்திருந்த தேர்வாளர் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் அவள் படித்தாள். குரல் நடுங்கும் என்று காத்திருந்தாள்; நடுங்கவில்லை. ஏழு வயதில் அவளுக்கு இருட்டிடமும் நாயிடமும்தான் பயம், தேர்வு என்பதை அப்போது யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆமை கூரையில்லாமல் அழுத இடத்தில் கடைசி வரிசை எழுந்து முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தது. ‘கிணறு’ என்று கரும்பலகையில் எழுதினாள், அடிச்சட்டத்துக்குச் சற்று மேலே, கை எட்டிய இடத்தில்.

மணி அடித்தது. தேர்வாளர் அம்மாள் விண்ணப்பத்தோடு வந்தார். செருப்பை மிதிக்காமல் சுற்றி நின்று, நீச்சலை அடித்துவிட்டுக் ‘கதை வாசிப்பு’ என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, அவள் முகத்தருகே குனிந்தார்.

“வேலைல சேர்ற அன்னிக்குள்ள கரும்பலகைய இறக்கி மாட்டச் சொல்லவா, இல்ல ஒரு முக்காலி போதுமாம்மா?”