எதிர் மண்டபத்து மேடை

காரை எதிர்க்கட்சிக்காரர்களின் மண்டப வாசலில் நிறுத்தியது மச்சானின் தப்புதான். ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு மண்டபங்கள், இரண்டிலும் அன்று கூட்டம். அக்காவை வீட்டை விட்டு அனுப்பிய அவள் புருஷனுக்கே காரோட்டும் தன் சூடு சொரணை கெட்ட பிழைப்பை மனதுக்குள் காறித் துப்பிக்கொண்டே வந்ததில், இடப்பக்கம் திரும்ப வேண்டியவன் வலப்பக்கம் திரும்பிவிட்டான். வேறு வேலை கிடைக்கவில்லை என்பது அவன் வெளியில் சொல்லும் காரணம். கிட்ட இருந்தால்தானே கடிக்க முடியும் என்பது உள்ளே இருப்பது. இதுவரை பல்லைக்கூடக் காட்டியதில்லை.

பின்சீட்டிலிருந்து அத்தான் இறங்கினார். சட்டமன்ற உறுப்பினர். பேனரைப் படிக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. மைக் கண்ணில் பட்டால் போதும், கால் தானாக மேடையேறிவிடும். தடுக்க வாயைத் திறந்த மச்சானுக்கு அக்காவின் முகம் நினைவு வந்தது. மூடிக்கொண்டான்.

மேடையில் இருந்தவர்கள் விழித்தார்கள். பிறகு சுதாரித்துக்கொண்டு, தங்கள் கட்சி பேட்ஜை அவர் சட்டையில் குத்தினார்கள். அத்தான் பேசினார். எந்தக் கட்சிக்கும் பொருந்துகிற பேச்சுதான். தலைவரின் கரத்தை வலுப்படுத்துவோம் என்று முடித்ததும் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. திரும்பும்போதுதான் பின்னாலிருந்த தலைவர் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாள் ஊரிலுள்ள ஃபோனிலெல்லாம் அந்தக் காட்சி. கட்சியை விட்டுத் தானாக விலகினால் பதவி போகும், அதற்கு விலகல் கடிதம்கூட வேண்டாம், நடந்துகொண்ட விதமே போதும் என்றார் வக்கீல். அத்தான்மேல் ஏற்கெனவே கடுப்பில் இருந்த சொந்தக் கட்சியே சபாநாயகரிடம் புகார் கொடுத்துவிட்டது. தெரியாமல் ஏறினார் என்று கூட வந்தவன் சாட்சி சொன்னால் தப்பிக்கலாம்.

அத்தான் முதல்முறையாக மச்சானை சோபாவில் உட்கார வைத்துத் தோளில் கை போட்டார்.

"நீ ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது மச்சான்."

"சொல்றேன் அத்தான். அக்காவை ஏன் அனுப்புனீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

சூழ்நிலை என்றார். காலம் பதில் சொல்லும் என்றார். குடும்பம் வேறு, பொதுவாழ்க்கை வேறு என்றார். பத்திரிகைக்காரர்களிடம் நழுவிப் பழகிய நாக்கு. இரண்டு பெட்டியோடு அக்கா அவனுடைய ஒற்றை அறை வாசலில் வந்து நின்ற மத்தியானம் மச்சானுக்குக் கண்முன் ஓடியது. தலையாட்டிவிட்டு எழுந்தான்.

விசாரணையில் அவன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தப்பான வாசலில் நிறுத்தியது தான்தான் என்றான். ஏறியது அவர், பேட்ஜ் குத்த நெஞ்சை நிமிர்த்திக் காட்டியது அவர் என்றான்.

"தெரிஞ்சதும் கழட்டிட்டாரா?" என்று கேட்டார் சபாநாயகர்.

"இல்லீங்க ஐயா. வீடு வரைக்கும் போட்டுக்கிட்டுதான் வந்தாரு."

அதிர்ச்சியில் கழற்ற மறந்தார் என்பதை யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

பதவி போயிற்று.

திரும்பும்போது முன்னாள் உறுப்பினர் முன்சீட்டில், மச்சானின் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். வேறு டிரைவர் ஏது? மச்சானுக்கு நாக்கெல்லாம் தித்தித்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டான்.

"இப்பவாவது சொல்லுங்க. அக்கா என்ன தப்பு பண்ணா?"

அத்தான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இனிக் காப்பாற்ற அவருக்கு நாற்காலி ஏதும் இல்லை.

"ஒண்ணும் பண்ணல. கண்ணாடி முன்னாடி நான் பேசிப் பழகுறதைப் பாத்துச் சிரிச்சா. ஊரே கைதட்டுச்சு, அவ மட்டும் சிரிச்சா. தாங்க முடியல மச்சான். அவ்வளவுதான்."